எல்ஃப்கள் ஏன் எப்போதும் மேற்கே போகிறார்கள்?

எழுநூற்றைம்பது வருடங்கள் வாழக்கூடிய ஓர் இனத்தைக் கற்பனை செய்யுங்கள் என்று சொன்னால், மாயப் புனைவு விளையாட்டுகளை எழுதுவோர் என்ன செய்கிறார்கள்? கூரிய காதுகளை வரைகிறார்கள். மெல்லிய உடலையும் நீண்ட கூந்தலையும் கொடுக்கிறார்கள். அடர்ந்த காட்டுக்குள் ஒரு வெள்ளை மாளிகையைக் கட்டுகிறார்கள். அதற்குள் சோகமான முகத்துடன் ஒருவரை உட்காரவைத்து, தமது காலம் முடிந்துவிட்டதென்று அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார்கள். பின்னர் அவரைக் கப்பலேற்றி மேற்கே அனுப்பிவிடுகிறார்கள். நாடு மனிதனுக்கு மிஞ்சுகிறது!

1974ஆம் ஆண்டு ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்ற விளையாட்டு வெளிவந்த காலந்தொட்டு, ஐம்பது வருடங்களுக்கும் மேலாக, இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. நீண்ட ஆயுள் என்றால் என்னவென்று யோசிக்க மறுக்கும் சோம்பேறித்தனம் இதில் ஒரு பாதி. மறுபாதி அதைவிட மோசமானது. உயிரோடிருக்கும் சாட்சியைக் கண்டு இந்த விளையாட்டுகள் அஞ்சுகின்றன. அதனால் அந்தச் சாட்சியை ஞானியாக்கி வாயை அடைக்கின்றன, அல்லது கப்பலேற்றி விடுகின்றன. இதுவே எனது குற்றச்சாட்டு.

இத்தகைய விளையாட்டுகளை அறியாத வாசகர்களுக்கு ஒரு சுருக்கமான விளக்கம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் நெறியாளர். உலகத்தையும் அதன் அரசர்களையும் அரக்கர்களையும் அவர் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர். வாள்வீச்சு பட்டதா தவறியதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் இனம், வயது, தொழில், வலிமை யாவும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். இன்று கணினியில் ஆடப்படும் எத்தனையோ விளையாட்டுகள் இந்த மேசையிலிருந்து பிறந்தவையே. ரொறன்ரோவில் வாழும் எனது தமக்கையின் மகன் வாரந்தோறும் நண்பர்களுடன் இதனை ஆடுபவர். விதிநூல்களை எனக்கு வாசிக்கத் தந்தவரும் அவரே. “மாமா, ஒரு விளையாட்டை ஏன் இவ்வளவு பாரதூரமாக எடுக்கிறியள்?” என்று கேட்டவரும் அவரே! அவருக்கான பதிலாகவும் இதனை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பின் விதிப்படி எல்ஃப் ஒருவர் 110 வயதில் பராயமடைகிறார். அவர் மந்திரவாதியாக விரும்பினால் ஆறுமுகப் பகடைகள் பத்தை உருட்டி, வரும் தொகையை அந்த 110உடன் கூட்டவேண்டும். சராசரியாக 145 வயது வரும். மனித மந்திரவாதிக்கு 15 வயதுடன் இரண்டே பகடைகள். சராசரி 22. இந்த இருவரும் ஒரே நாளில், ஒரே முதற்படியில், ஏறத்தாழ ஒரே அளவு வித்தையுடன் பயணத்தைத் தொடங்குகிறார்கள். அப்படியானால் மேலதிகமாகக் கிடைத்த 123 வருடங்களில் அந்த எல்ஃப் என்னதான் செய்துகொண்டிருந்தார்? விதிநூலில் விடை இல்லை.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதனைத் திருத்த முயன்றது. எல்ஃப்பின் உடல் மனிதருடைய வயதிலேயே வளர்ந்துவிடும், ஆனால் 100 வயதளவில்தான் அவர் தம்மைப் பெரியவராகக் கருதுவார் என்று அது எழுதியது. ஓட்டை அடைபட்டதா? இருபது வயதில் முழு வளர்ச்சி, நூறு வயதுவரை சிறுபிள்ளை என்ற பட்டம். ஏறத்தாழ எண்பது வருடங்கள் வளர்ந்த உடலோடும் முதிராதவர் என்ற பெயரோடும் வாழும் ஒரு தலைமுறை அந்தச் சமூகத்தில் எந்நேரமும் இருந்துகொண்டிருக்கும். அவர்கள் காதலிக்கலாமா? போருக்குப் போகலாமா? சபையில் வாய் திறக்கலாமா? எந்தச் சமூகத்தையும் கொந்தளிக்கவைக்கக்கூடிய இந்த நிலைமையை விதிநூல் ஓரிரு வரிகளில் தாண்டிச் சென்றுவிடுகிறது.

ஆரம்பகால ஆசிரியர்களுக்கு வேறொரு சங்கடம் இருந்தது. இத்தனை நூற்றாண்டு வாழ்பவர்கள் ஏன் உலகை ஆளவில்லை? 1978ஆம் ஆண்டின் விதிநூல் அதற்கொரு வழி கண்டது. எல்ஃப் மந்திரவாதி எவ்வளவு புத்திசாலியாயினும் 11ஆம் படிக்கு மேல் ஏறமுடியாது. மனிதனுக்கு எல்லையே இல்லை. விளையாட்டின் உலகம் மனிதனை மையமாகக் கொண்டதாக இருக்கவேண்டும் என்பது அதன் பிரதான ஆசிரியர் கேரி கைகாக்ஸின் விருப்பம். அதை அவர் மறைக்கவுமில்லை. ஒரு மக்கள் கூட்டம் ஏன் மேலே வரவில்லை என்ற கேள்விக்கு ‘அவர்களால் இயலாது’ என்று விதி எழுதி வைத்துவிடுவது வாசகர்கள் அறியாத உத்தியன்று. 2000இல் அந்த எல்லை நீக்கப்பட்டது. வரவேற்கவேண்டியதுதான். ஆனால் பழைய கேள்வி அப்படியே கிடக்கிறது.

அக்கேள்விக்கான விடையைக் காட்டுக்குள்ளே தேடிப் பயனில்லை. காணிக் கந்தோரில் தேடவேண்டும்!

1898இல் ஹொங்கொங்கின் புதிய பிரதேசங்களைப் பிரித்தானியா 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. ஒப்பமிட்டவர்களில் எவரும் 1997ஐக் காணப்போவதில்லை. அது தெரிந்தே ஒப்பமிட்டார்கள். எமது நாட்டின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 வருடங்களுக்குக் கொடுத்தபோதும் மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு அதே வசதி இருந்தது. குத்தகை முடியும் நாளில் பதில் சொல்ல அவர்கள் இருக்கமாட்டார்கள். 750 வருடம் வாழும் ஒருவருக்கு 99 வருடம் என்பது எமக்குப் பத்து வருடம் போன்றது. அவர் ஒப்பமிட்டுவிட்டுக் காத்திருப்பார். தவணை முடியும் காலையில் உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு படலையடியில் வந்து நிற்பார். மனிதர் தரப்பில் கதவைத் திறப்பவர் ஒப்பமிட்டவரின் பூட்டப்பிள்ளையாக இருப்பார். அவருக்கு அது பரம்பரைக் காணி, பாட்டனார் கிணறு வெட்டிய காணி. எல்ஃப்புக்கோ அது நேற்றுக் கொடுத்த காணி. இருவரும் பொய் சொல்லவில்லை. எந்தப் பூதமும் வேண்டியதில்லை, ஓர் இரவு முழுவதும் ஆடுவதற்கு இந்தப் படலையடி ஒன்றே போதும்.

அடுத்தது வாரிசுரிமை. இரண்டாம் எலிசபெத் மகாராணியார் 70 வருடம் ஆண்டார். 2022இல் அவரது மகன் அரசரானபோது மகனுக்கு வயது 73. எல்ஃப் அரசி 600 வருடம் ஆண்டால் அவரது மகன் என்ன செய்வான்? அவனது மகன்? பேரனின் மகன்? நான்கு தலைமுறை வாரிசுகள் ஒரே மாளிகையில் காத்திருக்கும் ஓர் அரசவையில் அமைதி நிலவும் என்று எண்ணுவது குழந்தைத்தனம். யயாதி தனது முதுமையைப் புதல்வன் பூருவிடம் கொடுத்துவிட்டு அவனது இளமையை வாங்கிக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தந்தையின் நீண்ட இளமைக்குப் பிள்ளையே விலை கொடுக்கிறான் என்பதை மகாபாரதம் எப்போதோ கண்டுகொண்டது.

மேற்குலகிலும் கண்டவர்கள் இருந்தார்கள். 1726இல் ஜொனதன் ஸ்விஃப்ட் எழுதிய ‘கலிவரின் பயணங்கள்’ நூலில் ஸ்ட்ரல்ட்பிரக்குகள் என்றொரு கூட்டத்தார் வருகிறார்கள். அவர்களுக்கு மரணமில்லை. ஆனால் 80 வயதானதும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் இறந்தவர்கள். சொத்து உடனே வாரிசுகளுக்குப் போய்விடும். அவ்வாறு செய்யாவிட்டால் காலப்போக்கில் நாடு முழுவதும் அவர்களது உடைமையாகிவிடும் என்ற அச்சமே காரணம். 200 வருடங்களுக்குப் பிறகு அவர்களால் அயலவருடன் பேசவும் முடியாது, ஏனெனில் அதற்குள் நாட்டின் மொழி மாறிவிடுகிறது. சொத்து, மொழி, சட்டம் ஆகிய மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் ஸ்விஃப்ட் தொட்டுவிட்டார். முந்நூறு வருடங்களுக்குப் பின்னர் எழுதப்படும் விதிநூல்கள் மூன்றில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை.

மொழியைப் பற்றித் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. நன்னூல் இயற்றப்பட்ட பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பிறந்த ஒருவர் இன்னும் எமது ஊர்ச் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஏறும் எந்த இளைஞனாவது ஒரு வசனத்தைப் பிழையின்றி முடிக்க அவர் விடுவாரா? எல்ஃப்களின் மொழி அழகானது, இசைபோன்றது என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. அந்த மொழியில் புதுச்சொல் ஒன்றை உண்டாக்குவதற்கு ஓர் இளைய எல்ஃப் எத்தனை முதியவர்களுடன் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று ஒரு நூலாவது எழுதியதாக நான் காணவில்லை.

இவ்விடத்தில் ஒருவருக்கு நியாயம் செய்யவேண்டும். எல்ஃப்களின் இந்த நிலைக்கு ஜே.ஆர்.ஆர். டொல்கீனே காரணம் என்று பழி சுமத்துவோர் பலர். 1954-55இல் வெளிவந்த ‘மோதிரங்களின் தலைவன்’ நாவலில் எல்ஃப்கள் துறைமுகம் நோக்கிப் போவது உண்மையே. ஆனால் டொல்கீன் யோசித்தார். அவரது மறைவுக்குப் பின் வெளியான குறிப்புகளைப் பார்த்தால் எவ்வளவு யோசித்தார் என்பது புரியும். எல்ஃப்பின் ஒரு வருட வளர்ச்சிக்கு எமது 144 வருடங்கள் என்று வைத்துத் தலைமுறைகளைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார். மீரியல் என்ற எல்ஃப் அரசி ஒரு பிள்ளையைப் பெற்றபின் வாழ விருப்பமின்றி உயிரை விட்டுவிடுகிறாள். எல்ஃப்களின் ஆவி அழிவதில்லை, விரும்பினால் திரும்பி வரலாம். அவ்வாறாயின் கணவன் ஃபின்வே மறுமணம் செய்யலாமா? மனைவி இறந்தவளா, பிரிந்து போனவளா? இதற்காகத் தெய்வங்கள் கூடி வழக்குரைத்துத் தீர்ப்பளிக்கின்றன. அவள் இனி ஒருபோதும் திரும்புவதில்லை என்றால் மட்டுமே அவன் மறுமணம் செய்யலாம். அந்த இரண்டாம் தாரத்தின் பிள்ளைகளுக்கும் மூத்தாளின் மகனுக்கும் இடையில் மூண்ட பகையிலிருந்து பெருந்துயரங்கள் விளைகின்றன. நீண்ட ஆயுளிலிருந்து குடும்பச் சட்டமும், அதிலிருந்து வரலாறும் பிறந்துவிட்டன பாருங்கள்! விளையாட்டுக்காரர்கள் அவரிடமிருந்து இந்தச் சட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கப்பல் ஏன் அவர்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது? இதுவே நான் வரவிரும்பிய இடம்.

‘ஃபொகொட்டன் றெல்ம்ஸ்’ என்பது மேற்படி விளையாட்டின் புகழ்பெற்ற கற்பனை உலகம். எட் கிரீன்வூட் என்ற கனேடியர் படைத்தது. 1987இல் அது பெட்டியாக வெளிவந்தது. அதில் பரவலாக வழங்கும் ஆண்டுக்கணக்கு எந்த நிகழ்வில் தொடங்குகிறது தெரியுமா? எல்ஃப்களின் காட்டோரத்தில் குடியேற மனிதருக்கு எல்ஃப்கள் அனுமதி கொடுத்த ஆண்டில். உடன்படிக்கையின் அடையாளமாக ஒரு கல்லும் நடப்பட்டது. அந்தப் பெட்டி வெளிவந்தபோது அவ்வுலகில் ஆண்டு 1357. எல்ஃப்கள் அதற்குச் சற்று முன்னர் அந்தக் காட்டைவிட்டுக் கூட்டங்கூட்டமாகக் கடல்கடந்து போகத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் போக்குக்கு ‘பின்வாங்கல்’ என்றே பெயர்.

750 வருட ஆயுளை வைத்துக் கணக்குப் பாருங்கள். 1357 வருடம் என்பது இரண்டு ஆயுட்காலங்களுக்கும் குறைவு. கப்பலேறும் முதியவரின் தந்தையோ பாட்டனோ அந்தக் கல் நடப்பட்டதைக் கண்ணால் கண்டவர். என்ன வாக்குறுதி கொடுக்கப்பட்டது, எத்தனை மரங்கள் வெட்டலாம் என்று பேசப்பட்டது என்பதையெல்லாம் இந்த முதியவர் கண்கண்டவரின் வாயால் கேட்டிருப்பார். அப்படிப்பட்ட மக்கள் ஒரு பெருமூச்சுடன் காட்டை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். மனிதனின் நாட்காட்டி எல்ஃப்பின் காணியில் தொடங்குகிறது. ஆனால் எல்ஃப் போனதற்கு யாரும் பொறுப்பில்லை!

இதனைப் படித்தபோது எனக்கு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் நினைவுக்கு வந்தது. அது தற்செயலான நினைவு அன்று. 1974இல் இந்த விளையாட்டு வெளியிடப்பட்ட லேக் ஜெனீவா நகரம் விஸ்கொன்சினில்தான் இருக்கிறது. அது பொட்டவடோமி பூர்வகுடிகள் வாழ்ந்த ஏரிக்கரை. 1833ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் மூலம் அவர்கள் அந்த நிலப்பகுதியைக் கைவிட வைக்கப்பட்டார்கள். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1826இல், ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் ‘மொஹிக்கன்களில் இறுதியானவன்’ என்ற புகழ்பெற்ற நாவலை எழுதினார். மொஹிக்கன்கள் அழிந்தே போனார்கள் என்று உலகம் முழுவதும் கண்ணீர் விட்டது. அந்த மொஹிக்கன்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். எங்கே? அதே விஸ்கொன்சினில், ஸ்டொக்பிரிட்ஜ்-மன்சி சமூகம் என்ற பெயரில், தமக்கென ஒரு நிலப்பகுதியுடன்!

அழியாத ஒரு மக்களை அழிந்தவர்களாக எழுதி, அதற்காக அழகாகக் கண்ணீரும் வடிப்பது ஒரு பழைய எழுத்து மரபு. தாஸ்மேனியாவில் 1876இல் த்ருகானினி என்ற பெண்மணி இறந்தபோது, அவரே அத்தீவின் கடைசிப் பூர்வகுடி என்று அறிவித்தார்கள். அவர்களது சந்ததியினர் இன்றும் அங்கு உரிமை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இலங்கையின் வேடர்களைப் பற்றியும் குடியேற்றக் கால எழுத்தாளர்கள் மறைந்துவரும் இனம் என்றே எழுதினார்கள். வாகரைப் பக்கம் போனால் தமிழ் பேசும் கரையோர வேடர்களை இன்றும் காணலாம். லேக் ஜெனீவாவில் விளையாட்டை எழுதியவர்கள் திட்டமிட்டு இதைச் செய்தார்கள் என்று நான் கூறவரவில்லை. அவர்கள் வளர்ந்த காற்றில் இந்தக் கதை கலந்திருந்தது. மறைந்துபோகும் உன்னத இனம் என்ற அச்சு தயாராக இருந்தது. எல்ஃப்களை அதற்குள் வார்த்துவிட்டார்கள்.

ஆனால் எல்ஃப்கள் அந்த அச்சுக்குள் அடங்கவே மாட்டார்கள். காரணம் அவர்களது ஆயுள். மறைந்துபோனதாக ஒரு மக்களை எழுதிவைக்க வேண்டுமானால் முதலில் சாட்சிகள் சாகவேண்டும். முப்பது வருடப் பத்திரிகைப் பணியில் நான் கண்ட உண்மை இது. ஒரு சம்பவம் நடந்து பத்து வருடங்கள் வரை அதிகாரிகள் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். நாற்பது வருடம் கழித்துத் தாமே வந்து பேட்டி தருவார்கள். இடைப்பட்ட காலத்தில் மறுத்துரைக்கக்கூடியவர்கள் மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போய்விட்டிருப்பார்கள். முதலாம் உலகப்போரின் பதுங்குகுழிகளில் போரிட்ட கடைசி பிரித்தானிய வீரரான ஹரி பட்ச் 2009இல் 111 வயதில் காலமானார். அன்றுடன் அந்தப் பதுங்குகுழிகள் அருங்காட்சியகத்துக்கும் மேடைப்பேச்சுக்கும் உரியவையாகிவிட்டன. “அப்படி நடக்கவில்லை தம்பி, நான் அங்கே நின்றேன்” என்று சொல்ல எவருமில்லை.

எல்ஃப் சமூகத்தில் அந்த நாள் வரவே வராது, அல்லது எழுநூறு வருடம் பிந்தி வரும். அரசனின் கொள்ளுப்பாட்டன் எவரைக் கொன்று முடிசூடினான் என்பதைப் பக்கத்துக் காட்டில் இருப்பவர் அறிவார். நகரின் பெரிய ஆலயம் யாருடைய இடுகாட்டின்மேல் எழுந்தது என்பதை அறிவார். மனித அரசுகளுக்கு இதைவிடச் சங்கடமான அயலவர் இருக்கமுடியாது. இப்படிப்பட்டவரை ஒரு கதையில் எப்படிச் சமாளிப்பது? ஒன்று, அவருக்கு உலக விவகாரங்களில் நாட்டமில்லை, அவர் விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதலாம். இரண்டு, கப்பலேற்றலாம். விளையாட்டு உலகம் இரண்டையும் மாறிமாறிச் செய்து வந்திருக்கிறது.

சாட்சி என்றால் உத்தமர் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். ஒரு விபத்தை நேரில் கண்ட பத்துப்பேரிடம் விசாரித்தால் பத்துக் கதைகள் வரும் என்பது எந்தப் பத்திரிகை நிருபருக்கும் தெரியும். நினைவு ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும் சற்றே மாறுகிறது. அறுநூறு வருடம் சொல்லப்பட்ட நினைவு எப்படி இருக்கும்! ஆகவே எல்ஃப் சமூகம் சாந்தமான சமூகமாக இருக்கமுடியாது. யாருடைய நினைவு சரி என்று இடைவிடாது வழக்காடும் சமூகமாகவே இருக்கும். மனிதரைவிட அவர்களுக்கே ஆவணக்காப்பகமும் நொத்தாரிசும் நீதிமன்றமும் அதிகம் தேவைப்படும்.

இதனைப் புரிந்துகொண்ட சிலர் உண்டு. ‘டிராகன் ஏஜ்’ என்ற கணினி விளையாட்டில், 2009இல் வந்த முதற்பாகம், எல்ஃப்களை மதிலுக்குள் அடைத்த நகரச் சேரிகளில் வாழவைத்தது. காடுகளில் அலையும் வேறொரு பிரிவினர், மனிதப் பேரரசு ஒன்றே தமது பொற்காலத்தை அழித்தது என்ற வரலாற்றைப் போற்றிக் காத்து வருகிறார்கள். 2014இல் வந்த மூன்றாம் பாகத்தில், பழங்கோயில் ஒன்றில் அந்தப் பொற்காலத்தைக் கண்ட காவலர் ஒருவர் உயிரோடு எதிர்ப்படுகிறார். எம்மை அழித்தது எமது உள்நாட்டுப் போர், மனிதர்கள் பின்னர் வந்து பிணத்தைக் கொத்தியவர்கள் மாத்திரமே என்பது அவர் வாக்குமூலம். தன் மக்களே கேட்க விரும்பாததைச் சொல்லும் சாட்சி! நீண்ட ஆயுள் என்ற கருத்துக்கு நான் கண்ட மிக நேர்மையான பயன்பாடு இது.

2004இல் கீத் பேக்கர் படைத்த ‘எபரொன்’ உலகம் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே ஒரு தீவின் எல்ஃப்கள் தமது மகத்தான முன்னோரைச் சாகவிடாமல் சபையாக அமர்த்தி அவர்களிடமே வழிகாட்டல் கேட்கிறார்கள். வலெனார் என்ற வேறொரு கூட்டத்தார் கூலிப்படையாக வந்த நாட்டின் ஒரு பகுதியைத் தமதென்று பிரகடனம் செய்துவிடுகிறார்கள். பல்லாயிரம் வருடங்களுக்கு முன் எமது முன்னோர் இங்கே இருந்தனர் என்பதே அவர்களது உறுதி. அங்கே உழுதுகொண்டிருந்த மனிதரின் கதி? நெடிய நினைவு நீதியைக் கேட்கும் கருவியாகலாம், பறிக்கும் ஆயுதமும் ஆகலாம். எமது தீவில் பிறந்த எவருக்கும் இதற்கு உதாரணம் தேடி வெளியே போகவேண்டியதில்லை. இத்தகைய கேள்விகளை எழுப்பும் எல்ஃப்களை நான் மதிக்கிறேன்.

லூக் கிரேன் 2002இல் வெளியிட்ட ‘பேர்னிங் வீல்’ இன்னொரு துணிச்சலான முயற்சி. அதில் ஒவ்வொரு எல்ஃப் பாத்திரத்துக்கும் துயரம் என்றோர் அளவு உண்டு. பொய்யும் மரணமும் காணக்காண அது ஏறும். பத்தை எட்டினால் அவர் உலகத்தைவிட்டு நீங்கவேண்டும், அல்லது வாடி மடியவேண்டும். நீண்ட ஆயுளின் சுமையைப் பகடையோடு இணைத்தமைக்காக இந்நூலைப் பாராட்டுகிறேன். ஆனால் இங்கும் துயரத்தின் கடைசிப் படி வெளியேற்றமே! துயரம் ஏறஏற மனிதர் வெளியேறுவது மட்டுமா நடக்கிறது? வழக்குப் போடுகிறார்கள். வருடாவருடம் அதே நாளில் அதே சந்தியில் படத்துடன் வந்து நிற்கிறார்கள். அந்தத் துயரத்துக்கு எந்த விதிநூலிலும் பகடை இல்லை.

எனது கூற்றுக்கு மறுப்புகள் வரும். மூன்றுக்கு இப்போதே பதில் சொல்கிறேன்.

விளையாட்டில் சமநிலை வேண்டும், 145 வயதுக்காரருக்கு அவரது அனுபவத்துக்கேற்ற வலிமையைக் கொடுத்தால் மனிதப் பாத்திரத்தை யார் எடுப்பார் என்பது முதலாவது. நியாயமான கேள்விதான். ஆனால் நான் வலிமையைக் கேட்கவில்லை. வாளின் வேகத்தை ஏற்றாதீர்கள். அவர் எவரை அறிவார், எதைக் கண்டார், எவருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை எழுதுங்கள். கடனும் பகையும் சமநிலையைக் குலைப்பதில்லை.

இருபது வயது இளைஞன் அறுநூறு வயதுக்காரரை எப்படி நடிப்பான் என்பது இரண்டாவது. கூத்திலே பதினாறு வயதுப் பையன் அரிச்சந்திரனாக வந்து சுடலை காத்தபோது ஊர் அழவில்லையா? வயதை நடிக்க வேண்டியதில்லை. இழந்ததை நடித்தால் போதும்.

இது வெறும் விளையாட்டு என்பது மூன்றாவது. என் மருமகனின் கேள்வியும் அதுவே. வாரந்தோறும் நான்கு மணிநேரம், பல வருடங்கள், ஒருவர் கூடிப் பயிலும் ஒன்று எப்படி வெறும் விளையாட்டாகும்? ஒரு மக்கள் எவ்வாறு இல்லாமற் போகிறார்கள் என்ற கேள்விக்கு, தாமாகவே, சோகமாக, அழகாக, யாருடைய கையும் படாமல் என்ற விடையை அந்த மேசையில் பயின்றவர்கள், நாளை பத்திரிகையில் அதே மாதிரியான செய்தியைப் படிக்கும்போது ஏன் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஆகவே இந்த விளையாட்டை ஆடும் எமது பிள்ளைகளுக்கும், தமிழில் இத்தகைய உலகங்களைப் படைக்க முனையும் இளைஞர்களுக்கும் சில வேண்டுகோள்கள். எல்ஃப் பாத்திரம் ஒன்றை எழுதும்போது, கதையில் வரும் எந்த மனித அரசையும்விடப் பழைய மூன்று சம்பவங்களைத் தாளில் குறியுங்கள். அவற்றில் ஒன்றிலாவது அவர் குற்றவாளியாக இருக்கட்டும். அவர் கையெழுத்திட்ட, இன்னமும் செல்லுபடியாகும் ஓர் உடன்படிக்கையை எழுதுங்கள். அவரைவிட மூத்தவர்கள் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களில் எவருடன் அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் எழுதுங்கள். நெறியாளராக இருப்பவர், கைவிடப்பட்ட எல்ஃப் மாளிகை ஒன்றை வரைபடத்தில் வரையும்போது, அதிலிருந்தவர்கள் எந்த ஆண்டில், எந்த இரவில், யார் வந்து தட்டியதால் வெளியேறினார்கள் என்பதை ஒரு வரியில் குறித்து வைக்கட்டும். வெளியேறியவர்களில் ஒருத்தி இன்னமும் உயிருடன் இருக்கிறாள் என்பதை மறக்கவேண்டாம். அவளிடம் திறப்பும் இருக்கும்.

அவளை அடுத்த வாரம் மேசைக்கு வரச்சொல்லுங்கள். பேசவிடுங்கள்.